மொக்டெசூமாவின் வீட்டுச் சாவி

ட்ருகனினா, மெல்பர்ன்
பிப்ரவரி 15

அன்புள்ள கல்யாணிக்கு,

நலம் விசாரிப்பதற்கு முன்னால் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மீன் முள் மாதிரி தொண்டையிலேயே நிற்கும். நேற்று ஆபீஸிலிருந்து வந்து என் சொந்த வீட்டுக் காலிங் பெல்லை அடித்துவிட்டு, தலையைக் கோதிக்கொண்டு வாசலில் நின்றேன். பாஸ்கர் கதவைத் திறந்தார். நான், "உள்ளே வரலாமா?" என்று கேட்டேன். அவர், "என்ன சார் இப்படிக் கேட்டுக்கிட்டு? நம்ம வீடுன்னு நினைச்சுக்குங்க" என்றார். நான் "தேங்க்ஸ்" சொன்னேன். ஷூவைக் கழற்றக் குனிந்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இப்போது நலம். நானும் உன் மன்னி மயூராவும் என் தொப்பையும் சௌக்கியம். உன் முட்டிவலி எப்படி? மாப்பிள்ளை ஸ்ரீகாந்துக்குச் சர்க்கரை எவ்வளவு? பெயின்ட் வேலை ஒருவழியாக முடிந்ததா? போன வருஷம் முழுக்க "வீடெல்லாம் பெயின்ட் வாசனை, வராதே" என்று எங்களைப் பென்டில் ஹில் பக்கமே அண்டவிடவில்லையே. அது வீடா, சிட்னி ஹார்பர் பாலமா?

பாஸ்கரைத் தெரியுமல்லவா, மாப்பிள்ளைதான் போன் பண்ணி அனுப்பிவைத்தார். "தெரிந்த பையன், மெல்பர்னில் வேலை கிடைத்திருக்கிறது, வாடகைக்கு வீடு அமையும்வரை ரெண்டு வாரம்." பையனுக்கு நாற்பத்தெட்டு வயது. பொங்கலுக்கு வந்தார். எங்கள் பெண் வர்ஷா கான்பெராவுக்குப் படிக்கப் போய்விட்டதால் அவள் அறை காலி. வந்த அன்று வாசலில் நான் ஒரு சிறு வரவேற்புரை ஆற்றினேன்: "இது உங்க வீடு. நாங்க சும்மா காவலுக்கு இருக்கோம்." சொன்னதோடு விட்டேனா? என் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். எங்கள் வீட்டுப் பூட்டுக்கு இரண்டே சாவி. மூன்றாவது செய்ய, வீடு கட்டிய கம்பெனியிடமிருந்து கடிதம் வேண்டுமாம். கம்பெனியை மூடிவிட்டான். ஆகவே இப்போது ஒரு சாவி பாஸ்கரிடம், ஒன்று மயூராவிடம். எனக்குக் காலிங் பெல்.

ஏன் தபாலில் எழுதுகிறேன் என்று கேட்பாய். நம் குடும்ப வாட்ஸாப் குழுவில் அவரையும் சேர்த்துத் தொலைத்தேன். போனில் பேசலாமென்றால் இந்த எஸ்டேட் வீடுகளின் சுவர் அப்பளம்.

இன்னொரு சேதி. எங்கள் மேற்கு வட்டாரத் தமிழ்ச் சங்க விழாவுக்கு நான் நாடகம் எழுதி, நானே நடிக்கிறேன். ராஜா வேஷம். தொப்பைக்குத் திண்டு வைக்கத் தேவையில்லை என்பதால் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆசீர்வாதங்களுடன்,
அண்ணா சடகோபன்


பென்டில் ஹில், சிட்னி
மார்ச் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நமஸ்காரம். இங்கே எல்லாரும் நலம். முட்டி மட்டும் மழை வருமுன் வானிலை அறிக்கை வாசிக்கிறது. 

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியாமல் நின்றேன். சொந்த வீட்டில் "உள்ளே வரலாமா"வா? சாவியைத் திருப்பி வாங்கு. நேரே மூஞ்சியைப் பார்த்து, "எப்போ கிளம்பறீங்க?" என்று கேள். அதிலென்ன வெட்கம்? மென்மையாக இருந்தால் தலையில் மிளகாய் அரைப்பார்கள்.

சாய்வு சோபாவை மட்டும் கொடுத்துவிடாதே. ஒரு தரம் சாய்ந்துவிட்டால் அதன்பிறகு அது அவருடையது. நாலு மணிக் காபிக்கு இரண்டாவது டம்ளர் நீட்டாதே. ரசத்தைத் தூக்கிக் குடிப்பதைப் பாராட்டாதே. பாராட்டினால் தானே ரசம் வைக்க வந்துவிடுவார். அப்புறம் அடுக்களை போச்சு.

பெயின்ட் முடிந்தது. மன்னிக்கு என் அன்பு. அவள் கோபப்படுகிறாளா? அவள் கோபப்பட்டால் அதன்படி நட.

உன் தங்கை,
கல்யாணி


ட்ருகனினா
மார்ச் 23

அன்புள்ள கல்யாணிக்கு,

உன் கடிதம் வந்தது. உன் முட்டிக்கு நல்லெண்ணெய் தடவு. ஆனால் நீ பெரிய ஜோசியக்காரி அடி! சோபா போய்விட்டது. ரசமும் போய்விட்டது. நேற்று மயூரா வேலையிலிருந்து வந்து பார்த்தால் மிளகு, சீரக டப்பாக்கள் எல்லாம் அகர வரிசையில் நிற்கின்றன. "இஞ்சருங்கோ, என்ரை குசினியிலை எனக்கே மிளகு எங்கையெண்டு தெரியேல்லை. இந்த மனுசன் எப்ப போறாராம்?" என்றாள். நான் "ஷ்ஷ்" என்றேன். அவள் பார்த்த பார்வையில் அப்பளச் சுவரே பொரிந்திருக்கும்.

கேட்கத்தான் நினைத்தேன், கல்யாணி. வாய் திறந்தால் "காபி சாப்பிடறீங்களா?" என்றுதான் வருகிறது.

நாடகத்தைப் பற்றிக் கேளேன். ட்ருகனினாவிலிருந்து மல்கிரேவ் ஆபீஸுக்கு மெல்பர்னையே குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறேனல்லவா, வெஸ்ட் கேட் பாலத்தில் கார் நகராத நேரத்தில் சரித்திரம் கேட்கிறேன். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் மெக்சிகோவில், ஏரி நடுவே ஒரு மகா நகரம். அஸ்டெக் மக்களின் ராஜா மொக்டெசூமா. அவர் முகத்தை யாரும் நிமிர்ந்து பார்க்கக்கூடாது. சாப்பிட உட்கார்ந்தால் நூற்றுக்கணக்கில் பதார்த்தம், முன்னால் திரை. இத்தனைக்கும் ராஜாவாகத் தேர்ந்தெடுத்த சேதி வந்தபோது மனிதர் கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்தார் என்று ஒரு கதை.

அப்போது கடற்கரையில் ஸ்பெயின்காரர்கள் வந்து இறங்குகிறார்கள். தலைவன் பெயர் கோர்தேஸ். ராஜாவுக்கு அவர்கள் ஊருக்குள் வர வேண்டாம். ஆனால் வந்தவனை முகத்துக்கு நேரே விரட்ட மனசில்லை. பொன்னில் சூரியன், வெள்ளியில் சந்திரன் என்று வண்டிச் சக்கரம் அகலத்துக்குத் தட்டுகள் செய்து கொடுத்தனுப்பினார். "வெகுதூரம், வழி மோசம், இத்தோடு திரும்பிவிடுங்கள்" என்று குறிப்பு. தங்கத்தைப் பார்த்தவன் திரும்புவானா? விடுவிடுவென்று நடையைக் கட்டினான்.

எனக்கு இதில் ஒரு யோசனை கிடைத்தது. போன சனிக்கிழமை பாஸ்கருக்கு ஒரு பெரிய சூட்கேஸ் வாங்கிப் பரிசளித்தேன். நாலு சக்கரம், நல்ல உறை. இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எப்படிச் சொல்ல முடியும்? அவர் கண் கலங்கிவிட்டது. "சிட்னியில என் மிச்ச சாமான் எல்லாம் கிடக்கு சார். எப்படிக் கொண்டாறதுன்னு தவிச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

கோர்தேஸ் வேஷம் அவருக்குத்தான். கேட்டார், கொடுத்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணா


ட்ருகனினா
ஏப்ரல் 20

அன்புள்ள கல்யாணிக்கு,

நலமா? புத்தாண்டுக்கு உன்னிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு மாம்பழப் படம் வந்தது. கடிதத்துக்குப் பதில் இல்லை. மாப்பிள்ளைக்கு ஏதும் உடம்பு சரியில்லையா?

பாஸ்கர் சிட்னி போய்விட்டு வந்தார். சூட்கேஸ் நிறையச் சாமான். ஒரு கேரம் போர்டு. ஒரு சாமியார் படம். எங்கள் பூஜை அலமாரியில் பெருமாளைச் சற்றே நகர்த்தி மாட்டியிருக்கிறார். கோர்தேஸும் இதையேதான் செய்தான்: அவர்கள் கோயில் உச்சியிலேயே தன் சாமியை வைக்க இடம் கேட்டான். பாஸ்கர் கூடவே ஒரு தூக்கு நிறைய எலுமிச்சை ஊறுகாயும் கொண்டுவந்தார். ஒரு துண்டை வாயில் போட்டேன், கல்யாணி, ஆடிப்போய்விட்டேன். அச்சு அசல் அம்மா கைப்பக்குவம்! கடைசியில் கொஞ்சம் வெந்தயம் தூக்கலாக. "யார் போட்டது?" என்றேன். "நம்ம வீட்டுல போட்டது சார்" என்றார். அவருக்குத்தான் எல்லா வீடும் நம்ம வீடாயிற்றே.

மாலையில் இருவரும் கேரம் ஆடுகிறோம். எண்ணிக்கையில் கள்ளத்தனம் பண்ணுகிறார். நான் சிரித்துக்கொண்டே விட்டுவிடுகிறேன். மொக்டெசூமாவும் சிறைப்பட்டபின் ஸ்பெயின்காரர்களோடு பொன் குண்டுகளை எறிந்து விளையாடினாராம். ஒருவன் புள்ளியைக் கூட்டி எழுதினான். ராஜா கண்டுபிடித்துச் சிரித்தார். ஆம், சிறைதான். விருந்தாளிகளை எதிர்கொண்டு அழைத்து, மாலை போட்டு, "களைத்து வந்திருக்கிறீர்கள், இது உங்கள் வீடு" என்று ஒரு பேச்சுப் பேசி, தன் அப்பாவின் அரண்மனையையே தங்கக் கொடுத்தார். அப்படித்தான் பேசினாரா என்று பண்டிதர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்குச் சந்தேகமில்லை. நானே பேசியவன் அல்லவா! ஒரே வாரத்தில் அவரை அதே அரண்மனைக்குக் கொண்டுபோய்க் காவலில் வைத்துவிட்டார்கள். ஊராரிடம் அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நானாகத்தான் அங்கே தங்கப் போகிறேன்."

என்னைக் குடைவது வேறு விஷயம். மலைதாண்டி ஏரிக்குள் இருக்கிற ஊர் அந்த அந்நியனுக்கு எப்படித் தெரிந்தது? வழியில் இருந்த ஊர்க்காரர்கள்தான் கைகாட்டினார்கள். தங்கள் தொல்லை தீர்ந்தால் போதுமென்று, "அங்கே போங்கள், பெரிய இடம், நல்ல ராஜா" என்று கூடவே ஆளும் அனுப்பினார்கள். எதிரியைவிட இப்படிக் கைகாட்டுகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. இதற்கு ஒரு காட்சியே எழுதியிருக்கிறேன்.

உடனே பதில் போடு.
அண்ணா


பென்டில் ஹில்
மே 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நமஸ்காரம். எல்லாரும் நலம். வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது.

எலுமிச்சை ஊறுகாய் சிட்னியில் எல்லாரும் இப்போது அப்படித்தான் போடுகிறார்கள்.

அந்தக் கைகாட்டுகிற காட்சி நாடகத்துக்கு அவசியமா? நீளமாகிவிடும். எடுத்துவிடேன்.

நீ இன்னும் கேட்கவில்லை, இல்லையா? நான் உன் இடத்தில் இருந்தால் என்றைக்கோ கேட்டிருப்பேன். மயூரா மன்னியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. ஏன்?

கல்யாணி


ட்ருகனினா
மே 27

அன்புள்ள கல்யாணிக்கு,

இங்கு யாவரும் நலம். உங்கள் நலமறிய ஆவல்.

மன்னி நலம். அவளுடைய அக்காவுக்கு இடுப்பில் பிடிப்பு. துணைக்காக மல்கிரேவ் போயிருக்கிறாள். எனக்கு ஆபீஸும் மல்கிரேவ்தானே, அக்கா வீட்டிலிருந்து ஐந்து நிமிஷம். மத்தியானம் அந்தத் தெருவழியாக நடந்து போவேன், நல்ல உடற்பயிற்சி. அக்காவும் நேற்று வாசலில் குதித்துக் குதித்துக் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு போனார். இடுப்பு சரியாகி வருகிறது போலிருக்கிறது.

பாஸ்கருக்கு முதுகுவலி. வர்ஷாவின் கட்டில் சின்னது. அன்றைக்கு மரியாதைக்கு, "எங்க ரூம்ல வேணா படுத்துக்குங்களேன், பாத்ரூமும் உள்ளேயே இருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னேன். வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன். "உங்க மனசு யாருக்கு வரும் சார்?" என்று தலையணையோடு வந்துவிட்டார். இதெல்லாம் மன்னி போவதற்கு முந்தின நாள்.

நான் இப்போது கேரேஜில் படுக்கிறேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். நாடகம் எழுத அமைதியாக இருக்கிறது.

அன்புடன்,
அண்ணா


பென்டில் ஹில்
ஜூன் 6

அண்ணா,

நமஸ்காரமெல்லாம் இருக்கட்டும். கேரேஜா? நான் கையிலிருந்த கடிதத்தை நழுவவிட்டேன். ஸ்ரீகாந்த் எடுத்துப் படித்துவிட்டு, போய்த் தோட்டத்தில் நிற்கிறார், இந்தக் குளிரில்.

மன்னி கோபித்துக்கொண்டு போய்விட்டாளா இல்லையா? இந்த ஒன்றுக்கு நேர்ப் பதில் போடு.

கல்யாணி


ட்ருகனினா
ஜூன் 18

அன்புள்ள கல்யாணிக்கு,

ஆமாம்.

போகிறபோது அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். என் நாடகத்துக்கு இறகுக் கிரீடம் தைத்துக்கொண்டிருந்தாள், பாதிக் கிரீடத்தைப் பையில் வைத்துக்கொண்டு, "நீங்கள் அவரை எப்ப போறீங்கள் எண்டு கேக்கிற அண்டைக்குத் திரும்பி வாறன். கேக்காட்டி, நீங்களும் அவரும் சந்தோசமா இருங்கோ" என்றாள். தன் சாவியையும் கொண்டுபோய்விட்டாள். அதுதான் எனக்கு ஒரே ஆறுதல். சாவி இருக்கிறவள் வருவாள்.

போன் பண்ணினால், "கேட்டிட்டீங்களோ?" என்பாள். "இல்லை" என்பேன். வைத்துவிடுவாள். இருபத்தாறு வருஷத்தில் எங்கள் மிகச் சுருக்கமான சம்பாஷணை இது.

நான் கேட்கப் போன நாட்களும் உண்டு. ஒரு நாள் கேரேஜிலிருந்து வீட்டுக் கதவைத் தட்டினேன். பாஸ்கர் எனக்காகக் கஷாயம் வைத்துக்கொண்டிருந்தார், கேரேஜ் குளிரில் எனக்கு இருமல் என்று. கஷாயம் கொடுக்கிறவரை எப்படியடி கிளம்பு என்பது?

நம் ஜனங்களுக்கு எல்லாம் கேட்க வரும். சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் குழந்தையில்லை, வீட்டுக் கடன் எத்தனை வருஷம் என்று ரயிலில் பக்கத்து சீட்காரனைக் கேட்போம். வந்தவரை எப்போது போவீர்கள் என்று மட்டும் கேட்க மாட்டோம்.

நாடகம் ஜூலை கடைசியில். கைகாட்டுகிற காட்சியை எடுத்துவிட்டேன், உன் பேச்சைத் தட்டுவானேன்.

அண்ணா


ட்ருகனினா
ஜூலை 30

அன்புள்ள கல்யாணிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நெற்றியில் தையல் போட்டிருக்கிறது. வாட்ஸாப்பில் வந்த வீடியோவைப் பார்த்து நீ பதறியிருப்பாய், வரிசையாகச் சொல்கிறேன்.

சனிக்கிழமை ஹாப்பர்ஸ் க்ராசிங்கில் ஒரு பள்ளி மண்டபம். மேடையின் பின்னால் எனக்கு ஒரு பை காத்திருந்தது. உள்ளே கிரீடம். முழுசாக, பச்சை இறகெல்லாம் நெருக்கித் தைத்து முடித்திருந்தாள். அதைத் தலையில் வைத்துக்கொண்டு திரை இடுக்கு வழியே எட்டிப் பார்த்தேன்: மூன்றாவது வரிசையில் அக்காவோடு மயூரா.

வெற்று மார்பும் சரிகை வேட்டியும் கிரீடமுமாக நான் நுழைந்ததும், முகத்தைப் பார்க்கக்கூடாது என்று வசனம் சொன்ன காவலர்கள் நாலு பேரும் என் தொப்பையைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். சரித்திரம் அங்கேயே கொஞ்சம் சாய்ந்தது. பாஸ்கர் வடிதட்டில் வெள்ளிக் காகிதம் ஒட்டித் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்டு வந்தார். பிரமாதமாக நடித்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

கடைசிக் காட்சி. விருந்தாளிகள் திருவிழாவில் ஊர்க்காரர்களை வெட்டிப்போட்டுவிட்டார்கள், ஊர் கொதிக்கிறது. ஜனங்களைச் சமாதானப்படுத்த ராஜாவை மாடியில் ஏற்றி நிறுத்துகிறார்கள். கீழேயிருந்து கல் பறக்கிறது. சொந்த ஜனம் எறிந்த கல்லால் செத்தார் என்று ஸ்பெயின்காரர்கள் சொன்னார்கள். இல்லை, அவர்களேதான் கொன்றார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் சொன்னார்கள். நான் இரண்டுக்கும் இடம் கொடுத்து எழுதியிருந்தேன். பிள்ளைகள் கையில் ஸ்பாஞ்சுக் கல் கொடுத்திருந்தோம்.

மேஜைமேல் ஏறி நின்று நான் வசனம் பேசினேன்: "என் மக்களே! வந்தவர்களைப் பகைக்காதீர்கள். இது அவர்கள் வீடு. போ என்று சொல்ல நாம் யார்?" ஸ்பாஞ்சு மழை பொழிந்தது. அதன் நடுவே ஏதோ ஒன்று மினுங்கிக்கொண்டு வந்து நெற்றியில் பட்டது. கல் இல்லை. கங்காரு தொங்குகிற சாவிக்கொத்து. கூடவே மூன்றாவது வரிசையிலிருந்து குரல்: "இந்தாங்கோ! இதையும் அவருக்கே குடுங்கோ!"

மண்டபம் கைதட்டியது, கல்யாணி. தத்ரூபம் என்று நினைத்துவிட்டார்கள். கண்ணுக்குள் ரத்தம் வழிகிறது. எனக்கு வலி தெரியவில்லை. கீழே கிடந்த சாவியைத்தான் பார்த்தேன். வீட்டுக்கு இருந்த இரண்டாவது சாவி. அவளிடம் இருக்கிறவரை வருவாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்த சாவி.

மேஜையிலிருந்து இறங்கிச் சாவியை எடுத்துக்கொண்டேன். வடிதட்டுத் தொப்பிக்கு நேரே போய் நின்றேன். மைக் என் கழுத்தில்தான் இருந்தது.

"பாஸ்கர், எப்ப கிளம்பறீங்க?"

ரத்தத்துக்குத் திகைக்காத ஜனம் இதற்குத் திகைத்தது. கைதட்டல் பாதியில் நின்றது. சங்கச் செயலாளர் கையிலிருந்த பொன்னாடை நழுவியது. முன்வரிசையில் ஒரு ஆன்ட்டி நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, "ஐயோ கடவுளே, வந்த மனுசனை இப்பிடியே கேக்கிறது!" என்றார். பழக்கதோஷத்தில் நானும், "காபி சாப்பிட்டுட்டு..." என்று சேர்க்க வாயெடுத்தேன். அதற்குள் பாஸ்கர் தொப்பியைக் கழற்றினார்.

"நாளைக்குக் கிளம்பறேன் சார்" என்றார்.

அவ்வளவுதான். திரை போட்டுவிட்டார்கள்.

தையல் போட என்னை யார் கூட்டிப்போனது என்று நினைக்கிறாய்? பாஸ்கர்தான். என் கார், அவர் ஓட்டினார், பின் சீட்டில் மயூரா, கைக்குட்டையால் என் நெற்றியை அழுத்திக்கொண்டு, "நல்லா வேணும்... நோகுதே?" என்று மாறி மாறி. கிளினிக்கில் காத்திருந்தபோது பாஸ்கர் மெதுவாகச் சொன்னார்: "சார், பிப்ரவரியிலேயே டார்னீட்டுல வாடகைக்கு ஒரு யூனிட் பார்த்துட்டு, கிளம்பட்டுமான்னு கேட்டேனே. நீங்கதான் 'என்ன அவசரம், இருந்துட்டுப் போங்க'ன்னீங்க. ஏப்ரல்ல கேட்டேன், அப்பவும் அதேதான். போறேன்னு அடம்பிடிச்சா உங்க மனசு நோகுமேன்னுதான் இருந்தேன். எனக்கு மட்டும் அடுத்தவங்க வீட்டுல இருக்க ஆசையா? இதுக்கு முன்னாடி சிட்னியிலயும் இப்படித்தான், பத்து மாசம் ஒரு குடும்பத்தோட. விடவே மாட்டேன்னாங்க. தங்கமானவங்க."

நான் மாதங்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அவர் சொல்வது நிஜம். இரண்டு தடவையும் நான் அப்படித்தான் சொன்னேன். நாம் எல்லாரும் அப்படித்தானே சொல்வோம்?

மயூரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குத் தனியாகத் தையல் போட வேண்டும்.

ஆனால் வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு சாவியும் இப்போது எங்களிடம். 

உன் அண்ணா,
ராஜ்யம் திரும்பக் கிடைத்தவன்


பென்டில் ஹில்
ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நமஸ்காரம். தையல் பிரித்தாயிற்றா? நெற்றிக்குத் தேங்காயெண்ணெய் போடு. மன்னி திரும்பி வந்தாள் என்று படித்ததும் பெருமாளுக்கு விளக்கேற்றினேன்.

பார்த்தாயா, மூன்றே வார்த்தை. இதைத்தானே மார்ச்சிலிருந்து தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறேன்? அரை வருஷம் காலிங் பெல்லும் கேரேஜும் இருமலுமாக. உனக்கு அப்பாவின் குணம், எதிலும் தயவு தாட்சண்யம். நான் அம்மா மாதிரி. மனசில் பட்டதை நேரே கேட்டுவிடுவேன். என்னிடம் யாரும் இப்படி வாலாட்ட முடியாது.

பாஸ்கர் போய்விட்டாரல்லவா? எங்கே போகிறேன் என்று சொன்னார்? சிட்னி என்று ஏதும் சொல்லவில்லையே?

அன்புத் தங்கை,
கல்யாணி


ட்ருகனினா
ஆகஸ்ட் 21

அன்புள்ள கல்யாணிக்கு,

நலம். பயப்படாதே, டார்னீட் யூனிட்டில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கேரம் ஆட வருகிறார். ஆறு மணிக்கு மயூரா வாசல் விளக்கைப் போடுவாள், கிளம்பிவிடுவார். எங்களுக்கும் இப்போது ஒரு முறைமை வந்துவிட்டது.

ஒரே ஒரு விஷயம். நேற்று மயூரா குசினியைத் திரும்பவும் தன் வசம் எடுத்துக்கொண்டிருந்தபோது அந்த ஊறுகாய்த் தூக்கு கிடைத்தது. மூடி இல்லை; வாயில் பிளாஸ்டிக் உறை கட்டித்தான் வந்திருந்தது. கழுவிக் கவிழ்த்தவள், "இஞ்சருங்கோ, இஞ்சை ஒருக்கா வாங்கோ" என்று கூப்பிட்டாள். குரல் சரியில்லை. போய்ப் பார்த்தேன். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறது: "சௌ. கல்யாணி ஸ்ரீகாந்த்." கீழே உன் கல்யாணத் தேதி. கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் அம்மா உன் பெயரை வெட்டக் கொடுத்தபோது பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

உன் மார்ச் மாதக் கடிதத்தை எடுத்துவந்து மறுபடி படித்தேன். அப்புறம் எனக்கு வரிசையாக ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சோபா. நாலு மணிக் காபி. ரசம். வெந்தயம்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற விஷயத்தில் என் பழக்கம் உனக்குத் தெரியும்.

தீபாவளிக்கு நாங்கள் இருவரும் சிட்னி வருகிறோம். பெயின்ட் காய்ந்திருக்குமல்லவா?

ஆசீர்வாதங்களுடன்,
அண்ணா


பென்டில் ஹில்
செப்டம்பர் 28

அன்புள்ள அண்ணாவுக்கும் மன்னிக்கும்,

நமஸ்காரம். இங்கு அனைவரும் நலம். முட்டி பரவாயில்லை. ஸ்ரீகாந்துக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. வசந்த காலம் வந்துவிட்டது; பக்கத்து வீட்டு ஜக்கராண்டா இன்னும் பூக்கவில்லை, ஆனால் பூக்கும். பென்டில் ஹில் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் நல்ல முருங்கைக்காய் வருகிறது. தீபாவளிக்கு அவசியம் வாருங்கள். எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள், இது உங்கள் வீடு... இல்லை, வெள்ளிக்கிழமை வந்து திங்கட்கிழமை கிளம்புங்கள். நானே சொல்லிவிட்டேன், பார்.

தூக்கைத் தபாலில் அனுப்பாதே, நசுங்கிவிடும். வரும்போது கையில் கொண்டு வா. மூடி இங்கேதான் இருக்கிறது. கொடுத்தனுப்பும்போது திருப்பித் தரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்து மாதம் வராத வாய் அன்று மட்டும் வந்துவிடுமா?

அன்புடன்,
கல்யாணி

பி.கு.: வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கவே இல்லை. அதே பழைய மஞ்சள்தான்.